கை குடு

கூடை தலைக்கு ஏறுகிற அந்த ஒரு நொடிக்காகத்தான் நீலமேகம் மேஸ்திரி காத்துக்கொண்டிருப்பான்.

ராயபுரம் கரி யார்டில் வேலை பார்க்கிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் அந்த நொடியைப் பற்றிச் சொல்வாள், சொல்லத் துணிந்தால். கல்கத்தாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கும் கரி, யார்டில் மலை மலையாகக் குவிந்து கிடக்கும். அதைக் கூடையில் வாரி, தலையில் சும்மாடு வைத்துத் தூக்கி, பலகை ஏறி ரயில் வேகனுக்குள் கொட்ட வேண்டும். நிறைந்த கூடையைத் தனியாளாகத் தலைக்கு ஏற்ற ராட்சசியால்கூட முடியாது. இன்னொருத்தர் எதிரே நின்று கை கொடுக்க வேண்டும். கூடை மேலே போகும்போது சுமக்கிறவளின் இரண்டு கையும் மேலே. கழுத்தைத் திருப்பக் கூடாது. இடுப்பை வளைக்கக் கூடாது. எதிரே நிற்கிறவன் எதைச் செய்தாலும் தட்டிவிட அவளுக்குக் கை கிடையாது.

அன்றைக்கு நீலமேகம் எதிரே நின்றது தாயம்மாவுக்கு. கூடையை ஏற்றிவிட்டான். கையை எடுக்கவில்லை. அவள் விலாவில் அதை வைத்துக்கொண்டே, வெற்றிலை மணக்க, சாவகாசமாகப் பேசினான்.

"நாளைக்கு உன் நாத்தனா பச்சையம்மாவ அனுப்பு. சாக்குக் கொட்டாய் கூட்டணும்."



"அது சின்னப் பொண்ணு மேஸ்திரி. நான் வந்து கூட்டித் தரேன்."

"உன்னையா கேட்டேன்?" சிரித்தான். "கொருக்குப்பேட்டை லைன்ல குடி இருக்கணுமா வாணாமா? ராத்திரி யோசிச்சிக்கோ. போ, போ, வேகன் காத்துகினு கீது."

சாக்குக் கொட்டகை என்றால் என்னவென்று யார்டில் தெரியாதவர் இல்லை. கடற்பக்கச் சுவரை ஒட்டி, ஜன்னல் இல்லாத தகரக் கொட்டகை. அதைக் கூட்டப் போன பெண்கள் யாரும் துடைப்பத்தோடு போனதில்லை.

தாயம்மாவுக்கு உலகத்தில் மிச்சம் இருந்தது பச்சையம்மா ஒருத்திதான். கோலார் தங்கச் சுரங்கத்தில் கூரை சரிந்து புருஷன் அமுங்கிப் போனபோது, அவன் தங்கையைக் கையில் பிடித்துக்கொண்டு ரயிலேறி வந்தவள் அவள். அங்கே சுரங்க வாசலிலும் ஒரு கொட்டகை இருந்தது. அங்கேயும் ஒரு மேஸ்திரி இருந்தான். அதிலிருந்து தப்பித்துத்தான் பட்டணம் வந்தாள். இங்கே வந்து பார்த்தால் தங்கத்துக்குப் பதில் கரி, மற்றதெல்லாம் அதேதான்.

---

சாயங்காலம் லைன் வீடுகளுக்குப் பொதுவான குழாயடியில் கூட்டம். தாயம்மா ஒளிக்காமல் விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

அங்கம்மா குடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். யார்டிலேயே வாய்க்குப் பேர்போனவள். "கஸ்மாலம் புடிச்சவன்! பொழுது விடியறதுக்குள்ள அந்தப் பொண்ண இட்டுகினு எங்கனா ஓடிடுமே."

"எங்க ஓடறது? ஓடி வந்த எடம்தான் இது."

"நான் ஓட மாட்டேன் அண்ணி," என்றாள் பச்சையம்மா. முகம் வெளிறியிருந்தாலும் குரல் நிமிர்ந்தே இருந்தது. "நான் ஓடுனா மறுநாளு தாஹிராக்கா பொண்ணு பேரைச் சொல்லுவான்."

தாஹிராவின் கை சட்டென்று தன் முக்காட்டைப் பிடித்தது. அவள் பெண்ணும் இந்த வாரம்தான் யார்டுக்கு வர ஆரம்பித்திருந்தாள். "அல்லா! வாய வச்சிகினு சும்மா இரு பொண்ணே," என்றாள், ஆனால் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

"டேசன்ல போய்ச் சொல்லலாமா?" யாரோ கேட்டார்கள்.

"சொல்லு. ஏட்டு அங்க இருக்க மாட்டாரு. மேஸ்திரி வூட்டுல சோறு துன்னுகினு இருப்பாரு," என்றாள் அங்கம்மா.

"எல்லாரும் ஒண்ணா இருந்தா அவன் இன்னா பண்ணிடுவான்?" தாயம்மா சுற்றிலும் பார்த்தாள். "பொண்ணு மேல கைய வச்சான்னா, அது கத்தும். கத்துனா நாம அத்தினி பேரும்..."

"இன்னா பண்ணுவீங்க?"

குரல் பின்னாலிருந்து வந்தது. ஞானசெல்வி. மாதா கோயில் தெருக்காரி. போன மாதம் சாக்குக் கொட்டகைக்கு அனுப்பப்பட்டவள். அதற்கப்புறம் யாரோடும் உட்கார்ந்து கஞ்சி குடித்ததில்லை.

"நான் கத்துனேனே! ஐயோன்னு கத்துனேன், யம்மான்னு கத்துனேன், மாதாவே வந்துடுவாங்கன்ற மாதிரி கத்துனேன். எங்க இருந்தீங்க அப்போ? தாயம்மாக்கா, நீ ரெண்டாம் வேகன்ல இருந்தே. தாஹிராக்கா குவியலாண்ட. அங்கம்மாக்கா கொட்டாய்க்குப் பின்னாடியே இருந்தே. காது கேக்கலன்னு மட்டும் சொல்லிடாதீங்க!"

குழாய்த் தண்ணீர் குடம் நிறைந்து வழிந்தது. ஒருவரும் மூடவில்லை.

"கேட்டுச்சு," என்றாள் அங்கம்மா கடைசியில், தரையைப் பார்த்து. "கேட்டுச்சுடி. கால் வர்ல."

பொய்யில்லை. யார்டில் 'ஐயோ' என்கிற சத்தத்துக்குக் குறைவே கிடையாது. கரி சரிந்து காலில் விழும், ஐயோ. சக்கரத்தில் விரல் நசுங்கும், ஐயோ. மேஸ்திரி பிரம்பு வீசுவான், ஐயோ. கேட்டுக் கேட்டு மரத்துப் போன சத்தம் அது. கேட்டதும் அவரவர் இன்னும் கொஞ்சம் குனிந்து, இன்னும் கொஞ்சம் வேகமாக வாருவார்கள்.

"அப்ப நாளைக்கு மட்டும் எப்டி வரும்? எரவலா வாங்கியாருவீங்களா காலை?" ஞானசெல்வியின் கண்ணில் நெருப்பு. "நான் வுட்ட சாபம் சும்மா போவாது. ஒரு ஒருத்தியும்..."

தாயம்மாவால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. நிறைந்த குடத்தின் விளிம்பைப் பிடித்தபடி, என்ன செய்வதென்று தெரியாமல், தன்னை அறியாமல் முனகினாள்: "கை குடு."

ஞானசெல்வி இரண்டு எட்டில் வந்து குடத்தின் அடியைப் பிடித்துத் தாயம்மா தலைக்கு ஏற்றினாள்.

ஏற்றிக்கொண்டே, "... ஒரு ஒருத்தியும் வெளங்க மாட்டீங்கடி!" என்று சாபத்தை முடித்தாள்.

தாயம்மா சிலையாகிவிட்டாள். தலையில் குடம், எதிரே ஞானசெல்வி. அவள் கோபம் ஒரு இம்மி குறையவில்லை. ஆனால் கை வந்துவிட்டது.

"ஞானம்," என்றாள் தாயம்மா மெதுவாக. "என்னைச் சபிச்சிகினு இருந்தியே. எதுக்குக் கை குடுத்தே?"

ஞானசெல்வி தன் கைகளையே பார்த்தாள். "நீ... கூப்ட்டியே."

அதுதான் யார்டின் சட்டம். எந்தத் துரையும் எழுதி வைத்த சட்டமல்ல. ஏற்றவோ இறக்கவோ, சுமையோடு ஒருத்தி 'கை குடு' என்றால், பக்கத்தில் இருக்கிறவள் போக வேண்டும். சண்டைக்காரியா, வேற்று சாதியா, வேற்று சாமி கும்பிடுகிறவளா என்பதெல்லாம் அப்புறம். முதலில் கை; பிறகு மற்ற கணக்கு. சுமையோடு நிற்கிறவளைக் காக்க வைத்தால் கழுத்து முறிந்துவிடும். அதனால் இரண்டாம் தடவை கூப்பிட யாரையும் யாரும் விட்டதில்லை.

"இன்னாமே தாயம்மா, கொடத்தோட நின்னுகினு சிரிக்கிறே?" என்றாள் அங்கம்மா பயந்துபோய்.

"நாளைக்கு அவன் கைய வச்சா, யாரும் ஐயோன்னு கத்தாதீங்க," என்றாள் தாயம்மா.

---

விஷயம் குழாயடியைத் தாண்டவில்லை. தாண்ட விடக் கூடாது. யார்டில் மற்றப் பெண்கள் அறுபது எழுபது பேர் இருந்தார்கள். அவர்களில் கோவிந்தம்மாவும் ஒருத்தி. மேஸ்திரிக்குக் காதும் கண்ணும் அவள்தான். அவன் கொட்டகைக்குள் இருக்கும்போது வாசலில் காவல் உட்காருவதும் அவள்தான். அவள் காதில் விழுந்தால் எல்லாம் பாழ். ஆகவே மற்றவர்களிடம் எதையும் சொல்லாமல், அவர்களுடைய கால்களை மட்டும் நம்பி இறங்குவதென்று முடிவாயிற்று.

திட்டம் சுலபம். பச்சையம்மா கொட்டகைப் பக்கமே போகக் கூடாது. தாயம்மாவுக்கும் அங்கம்மாவுக்கும் நடுவில் வரிசையில் நடக்க வேண்டும். மேஸ்திரி இழுக்க வந்தால், தலையில் கூடையோடு அவளே கூப்பிட வேண்டும்.

மறுநாள் காலையில் சங்கு ஊதிய கையோடு அந்தத் திட்டம் தூள் தூளாயிற்று.

"அங்கம்மா, நீ கப்பல் ஜெட்டியாண்ட போ, தூள் சலிக்கணும்," என்றான் நீலமேகம், வெள்ளை ஜிப்பாவின் கையை மடித்தபடி. "தாயம்மா, நீ கடைசி வேகனு. அந்தக் கோடியில. பச்சையம்மா இங்கியே குவியல்ல வாரட்டும்."

எதையாவது மோப்பம் பிடித்துவிட்டானா? அல்லது வழக்கமான சூதா? தாயம்மா பச்சையம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு, 'போ' என்று கண்ணாலேயே சொன்னாள்.

கடைசி வேகன் யார்டின் மறுகோடி. ஒவ்வொரு நடைக்கும் பலகை உச்சியில் ஏறும்போதுதான் கொட்டகைப் பக்கம் கண்ணில் படும். ஏறினாள், பார்த்தாள், பச்சையம்மாவின் சிவப்புச் சேலை குவியலருகே தெரிந்தது. கொட்டிவிட்டு இறங்கினாள். மறுபடி ஏறினாள். சிவப்பு இருந்தது. வெயில் ஏற ஏறத் தலைக்குள் யாரோ பறையடிப்பது மாதிரி இருந்தது. இன்னொரு நடை. இருந்தது. இன்னொன்று.

சிவப்பு நகர்ந்துகொண்டிருந்தது.

கோவிந்தம்மா பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பச்சையம்மா காலை ஊன்றினாள். கரித்தூளில் கால் வழுக்கியது. அவள் தலையில் கூடை இல்லை. கூப்பிட அவளிடம் சுமை இல்லை. தகரக் கதவு திறந்தது, வெள்ளை ஜிப்பாக் கை ஒன்று நீண்டது, சிவப்பு உள்ளே போயிற்று. கதவு மூடிக்கொண்டது.

"அண்..."

அவ்வளவுதான் கேட்டது. மீதியை யாரோ பொத்திவிட்டார்கள்.

தாயம்மாவின் கைகள் கூடையைத் தூக்கி எறியப் போயின. எறிந்துவிட்டு ஓடினால் கண்மூடித் திறப்பதற்குள் வாசலுக்குப் போய்விடலாம். போய்? ஒருத்தி. வெறுங்கை. ஐயோ என்று கத்தலாம். அறுபது எழுபது பேரும் இன்னும் கொஞ்சம் குனிந்து வாருவார்கள்.

எறியவில்லை. கூடையை இறுக்கிப் பிடித்தாள்.

வேகனில் கொட்டாமலே மறுபக்கப் பலகையில் தடதடவென்று இறங்கினாள். "ஏய், கொட்டாம போறியே, பைத்தியம் புடிச்சிதா?" என்று பின்னால் வந்தவள் கத்தினாள். தாயம்மா ஓடினாள். நிறைந்த கூடையோடு யாரும் ஓடமாட்டார்கள். ஓடினால் கழுத்து எலும்பு கடகடக்கும், கரிக்கட்டி உதிர்ந்து தோளில் விழும், மூச்சு நெஞ்சுக்கூட்டை உடைத்துக்கொண்டு வரும். எல்லாம் நடந்தது. குவியலைத் தாண்டினாள். தண்டவாளத்தைத் தாண்டினாள். ஒரு தடவை கால் இடறி, கூடை ஒருபக்கம் சாய்ந்து, உயிர் ஒருபக்கம் சாய்ந்து, மறுபடி நிமிர்ந்தாள்.

கொட்டகை வாசலில், கவிழ்த்துப் போட்ட கூடையின்மேல் கோவிந்தம்மா உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா இங்க வந்தே? வேகனு அந்தாண்ட கீது."

"கை குடு," என்றாள் தாயம்மா.

கோவிந்தம்மா எழுந்துவிட்டாள். இரண்டு கையும் தானாக மேலே வந்தன. பாதி வழியில் நின்றன. உள்ளே சாக்கு மூட்டை சரிகிற சத்தம். அவள் கைகள் மெல்லக் கீழே இறங்கின.

"போயிடு தாயம்மா. பேஜாரு பண்ணாதே."

"கை குடு!"

இரண்டாவது தடவை.

குவியலில் வாரிக்கொண்டிருந்த கைகள் நின்றன. பலகையில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் கூடையோடு உடம்பைத் திருப்பினார்கள். இரண்டாம் தடவையா? எவள் அவள், ஒருத்தி கூப்பிடக் கூப்பிட எதிரே நின்று வேடிக்கை பார்க்கிறவள்?

தாயம்மாவின் கழுத்து நடுங்கியது. பார்வையில் கறுப்புப் பூச்சிகள் பறந்தன. கண்ணை மூடிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து, சுரங்கத்தில் புதைந்தவனுக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள்:

"கை குடுங்கடீ!"

முதலில் வந்தவள் ஞானசெல்வி. எந்தக் கதவைப் பார்த்தால் அவளுக்குக் குலை நடுங்குமோ, அந்தக் கதவை நோக்கி ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால் தாஹிரா. அவளுக்குப் பின்னால் சத்தம் கேட்டவர்கள், கேட்டவர்களைப் பார்த்தவர்கள், எதுவுமே தெரியாமல் கோபத்தோடு மட்டும் வந்தவர்கள். ஜெட்டிப் பக்கமிருந்து அங்கம்மா சல்லடையோடு வந்தாள்.

"ஏண்டி கோவிந்து! கூப்புடறா, மரம் மாதிரி நிக்கிறே? உனுக்கு நாளைக்கு எவ வந்து கை குடுப்பா?"

"கழுத்து முறிஞ்சா நீ வந்து ஒட்டுவியா?"

 கோவிந்தம்மா கதவில் முதுகை ஒட்டிக்கொண்டாள். சுற்றிலும் கரி அப்பிய முகங்கள், வெள்ளை விழிகள். தாஹிரா கூடையைப் பிடிக்கக் கை நீட்டினாள். தாயம்மா ஒதுங்கினாள்.

"எனக்கு வாணாம். பச்சையம்மா உள்ள கீறா. அவளுக்குக் குடுங்க."

கூட்டம் அடங்கியது. இப்போது எல்லோருக்கும் புரிந்தது. நேற்றுவரை கேட்டும் கேட்காதவர்களாக இருந்த அத்தனை பேரும் இப்போது அந்தக் கதவுக்கு எதிரில், கை எட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். திரும்பிப் போகலாம். ஒருத்தியின் கால் அசைந்தால் போதும், எல்லாக் காலும் போய்விடும். தாயம்மா மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

ஒரு கால்கூட அசையவில்லை.

"உள்ள தாப்பா போட்டுகினு கீறான்," என்றாள் கோவிந்தம்மா. யாரையும் பார்க்காமல் சொன்னாள். "தள்ளினா வராது. கீலு இல்ல, குழியில நிக்கிற குடுமிக் கதவு. கீழ தேஞ்சி போய் கீது. தூக்குனா கழண்டுடும்."

"உனுக்கெப்டி தெரியும்?" என்றாள் அங்கம்மா.

கோவிந்தம்மா வாசலை விட்டு விலகினாள். "உள்ள படுத்துகினு எவ்ளோ நாளு அத்தயே பார்த்துகினு இருந்தேன்."

அங்கம்மா சல்லடையைக் கீழே போட்டாள்.

தள்ளுவது வேண்டுமானால் அவர்களுக்குப் புதிது. தூக்குவது பிறவித் தொழில். ஆறேழு பேர் குனிந்து கதவின் அடியில் விரலைக் கொடுத்தார்கள். ஞானசெல்வி குரல் கொடுத்தாள். "தூக்கு!" கதவு முனகியது. "இன்னும்!" குடுமி குழியை விட்டு எழும்பியது, தகரம் கிறீச்சிட்டது, கதவு அப்படியே கையோடு வந்துவிட்டது.

வெளிச்சம் உள்ளே பாய்ந்தது.

பச்சையம்மா மூட்டைகளின் சந்தில் சுவரோடு சுவராக நின்றிருந்தாள். முடி அவிழ்ந்திருந்தது. உதட்டில் ரத்தம், அவளுடையது அல்ல. நீலமேகம் கடிபட்ட கையை உதறிக்கொண்டிருந்தான்.

"அண்ணி, கூப்புட வர்ல... வாயப் பொத்திட்டான்," என்றபடி பெண் வெளியே வந்தாள். ஞானசெல்வி அவளைப் பிடித்துத் தன் பின்னால் நிறுத்திக்கொண்டாள்.

"இன்னாடி கும்பல்?" நீலமேகம் ஜிப்பாவை இழுத்துவிட்டுக்கொண்டு கர்ஜித்தான். "வேலைய வுட்டுட்டு ஆட்டமா? ஒருத்தி வுடாம லைன காலி பண்ண வச்சிடுவேன்! ஏய் கோவிந்து, உனுக்கு இன்னா கேடு?"

தாயம்மா வாசலுக்கு நேரே போய் நின்றாள். இன்னும் தலையில் கூடை.

"எறக்கணும் மேஸ்திரி," என்றாள். "கை குடு."

அவன் வாயைப் பிளந்தான். தினமும் எல்லோருக்கும் வலிய வந்து கொடுக்கிற கை, இப்போது எழவில்லை.

அவள் தலையைச் சாய்த்தாள். கரி அத்தனையும் சடசடவென்று வாசற்படியில் கொட்டியது. அவன் துள்ளிப் பின்வாங்கினான். தாயம்மா விலகி வழிவிட்டாள். அடுத்தவள் வந்து கொட்டினாள். அப்புறம் இன்னொருத்தி, குவியலில் வாரி வந்து. ஒருவரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. வேகனில் கொட்டுகிற மாதிரியே கொட்டினார்கள். வாசல் முழங்கால் உயரம் ஆயிற்று, இடுப்பு உயரம் ஆயிற்று. நீலமேகத்தின் கர்ஜனை மிரட்டலாகி, மிரட்டல் பேரமாகி, பேரம் இருமலாகியது.

ஆபீசிலிருந்து கணக்கெழுதும் கிராணி சுப்பராயன் ஓடிவந்தார். மூக்குக் கண்ணாடி மூக்கில் நிற்கவில்லை. "இன்னாம்மா இது அநியாயம்! எஞ்சின் வர்ற நேரம்! வேகன் பாதி காலியா கீது! துரைக்கு நான் இன்னா பதில் சொல்றது? மேஸ்திரி எங்கே?"

"கொட்டாய் கூட்றாரு," என்றாள் அங்கம்மா.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கிராணி கரிக் குவியலையும், கழன்று கிடந்த கதவையும், பச்சையம்மாவின் முகத்தையும் பார்த்தார். அவருக்கும் எல்லாம் தெரியும். இத்தனை நாளும் தெரிந்தேதான் இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"வேகன ரொப்பறோம் சாமி," என்றாள் தாயம்மா. "அந்தக் கதவு திரும்ப அங்க ஏறக் கூடாது. எங்க கூடையை நாங்களே ஏத்திக்குவோம், எந்த ஆம்பள கையும் வாணாம். இந்த ஆளு நாளைக்கு இந்த யார்டுல நிக்கக் கூடாது. துரையாண்ட அப்டியே சொல்லுங்க. சொல்லலைன்னா கரி இருக்கிற எடத்துலயே இருக்கும், நாங்களும் இருப்போம்."

தூரத்தில் எஞ்சின் கூவியது. கிராணி கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"சொல்றேன்," என்றார். "சொல்லித்தான் ஆகணும். மொதல்ல அந்தாள வெளிய வுடுங்க."

அப்போதுதான் கரிக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. தூசியில் கம்மிப் போன, நேற்றுவரை யாரும் கேட்டிராத குரல்.

"கை குடுங்கம்மா... மூச்சு முட்டுது..."

அங்கம்மாவின் வலது கால் பட்டென்று முன்னால் போய்விட்டது. அவள் அதைப் பார்த்துத் தொடையில் ஒரு போடு போட்டாள். "சீ, இந்தக் காலுக்கு மானம் கீதா பாரு!"

கூட்டமே சிரித்தது. தாயம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"அந்த வார்த்தைக்குத் தலையில சுமை இருக்கணும் மேஸ்திரி," என்றாள். காலிக் கூடை ஒன்றைக் குவியலுக்கு மேலாக உள்ளே எறிந்தாள். அதன் பின்னால் ஒரு சும்மாடும் போயிற்று. "வாசல நீயே வாரிக்கோ. ரொம்புனதும் கூப்புடு. வரோம்."

"கிராணி சார்!" என்று உள்ளேயிருந்து அலறல்.

சுப்பராயன் தண்டவாளத்தைப் பார்த்தார். "சீக்கிரம் வாருப்பா நீலமேகம். நேரமாவுது."

வாரினான். வேறு வழி? வெள்ளை ஜிப்பா கறுத்தது. வாசலின் ஒரு ஓரம் திறந்தது, கூடை நிறைந்தது.  பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு வந்தது: "கை குடு."

ஞானசெல்வியும் கோவிந்தம்மாவும் போனார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. இரண்டு பக்கமும் நின்று, கூடையின் அடியைப் பிடித்து, வழக்கம்போலத் தலைக்கு ஏற்றிவிட்டு, கையை எடுத்துக்கொண்டார்கள்.

கொட்டகையிலிருந்து வேகன்வரை பெண்கள் இரண்டு வரிசையாக ஒதுங்கி நின்றார்கள். நடுவே நீலமேகம் நடந்து வந்தான். கழுத்தைத் திருப்ப முடியாது. இடுப்பை வளைக்க முடியாது. இரண்டு கையும் மேலே. இந்தப் பக்கம் ஒரு மூச்சுக் கேட்டால் அந்தப் பக்கம் நெளிந்தான்; அந்தப் பக்கம் ஒரு வளையல் குலுங்கினால் இந்தப் பக்கம் நெளிந்தான். விலாவை மறைக்கக் கை கிடையாது. வேகன் எட்டுகிற வரைக்கும் அவன் உடம்பு நடுங்கிக்கொண்டே போயிற்று.

ஒருத்தியும் அவனைத் தொடவில்லை.